பேருந்து ஏறிய பிள்ளைகளும் அசையாத ஊரும்

பல்கேரியாவின் வடமேற்கு மூலையில், தான்யூப் ஆற்றங்கரையில் இருக்கிறது விதின் நகரம். அதன் விளிம்பில் உள்ள நோவ் பட் ஒரு ரோமா குடியிருப்பு. அங்குள்ள பிள்ளைகளுக்கென்று குடியிருப்புக்குள்ளேயே ஒரு பள்ளி உண்டு. பல்கேரியப் பிள்ளைகள் அந்தப் பக்கம் வருவதில்லை. 2000ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் பள்ளிகள் திறந்தபோது, நோவ் பட்டிலிருந்து சுமார் 300 பிள்ளைகள் பேருந்துகளில் ஏறி நகரப் பள்ளிகளுக்குப் போனார்கள். பல்கேரியப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் உட்கார்ந்தார்கள். இதைச் செய்தது அரசு என்று நினைத்துவிட வேண்டாம். டொன்கா பனயோதோவா தலைமையில் இயங்கிய ‘ட்ரோம்’ என்ற உள்ளூர் ரோமா அமைப்பு செய்தது. ஓப்பன் சொசைட்டி நிறுவனம் பணம் கொடுத்தது. அடுத்த சில ஆண்டுகளில் மொந்தானா, பிளெவென், ஸ்தாரா சகோரா, ஸ்லிவென், ஹாஸ்கோவோ ஆகிய ஊர்களிலும் அங்கங்குள்ள ரோமா அமைப்புகள் இதே வழியில் இறங்கின. ரோமா பிள்ளைகளைக் கலப்புப் பள்ளிகளில் சேர்க்கும் முயற்சிகளைப் பற்றிய பேச்சு இன்றும் விதினிலிருந்தே தொடங்குகிறது. அதற்கு அந்த ஊருக்குத் தகுதி உண்டு. ஆனால் அந்த முறை, பயணத்தின் முழுச் சுமையையும் ரோமா குடும்பங்களின் தோளில் வைத்துவிட்டு, பெரும்பான்மையினர் தங்கள் பிள்ளைக்குப் பள்ளி தேர்ந்தெடுக்கும் முறையைத் தொடாமல் விட்டது. அதில் கை வைக்காத கலப்பு எதுவும் நீடிப்பதில்லை என்பதே இந்த 25 ஆண்டுகளில் கிழக்கு ஐரோப்பா காட்டியிருப்பது.

ரோமா மக்கள் நம்மில் பலருக்கு ஜிப்சிகள் என்ற பெயரில் தெரிந்தவர்கள். இந்தியத் துணைக்கண்டத்தின் வடபகுதியிலிருந்து சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் புறப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். ஐரோப்பாவில் இன்று ஒரு கோடிக்கும் மேல் இருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகளைத் தனியே ஒதுக்க அங்கே மூன்று வழிகள் புழக்கத்தில் உள்ளன. முதலாவது, விதினில் கண்ட குடியிருப்புப் பள்ளி. சோஷலிச ஆட்சிக்காலத்தில் பல்கேரியா இத்தகைய பள்ளிகளை, வாழ்க்கைமுறையிலும் பண்பாட்டிலும் தாழ்ந்த பிள்ளைகளுக்கானவை என்று அதிகாரபூர்வமாகவே வகைப்படுத்தியிருந்தது. பாடத்தைவிடக் கைத்தொழிலே அங்கு முக்கியம். இரண்டாவது, மனவளர்ச்சி குன்றியோருக்கான சிறப்புப் பள்ளி. செக் குடியரசின் ஒஸ்திராவா நகரத்தில் 1990களின் இறுதியில் திரட்டப்பட்ட புள்ளிவிவரத்தின்படி, ரோமா பிள்ளைகளில் பாதிப் பேர் இத்தகைய பள்ளிகளில் இருந்தார்கள். மற்றப் பிள்ளைகளில் அந்த விகிதம் நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. 27 மடங்கு வேறுபாடு. ஒரு சமூகத்தின் பாதிப் பிள்ளைகளுக்கு அறிவுக் குறைபாடு என்று சொல்லும் சோதனையைப் பற்றி என்ன நினைப்பது? சோதனையில்தான் கோளாறு என்று அந்த ஊரின் உளவியலாளர்களுக்குப் பல ஆண்டுகள் தோன்றவில்லை. மூன்றாவது வழி கண்ணுக்கு எளிதில் படாது: ஒரே கட்டடம், ஒரே தலைமையாசிரியர், ஆனால் தனி வகுப்பு. ஸ்லோவாக்கியாவின் ஷாரிஷ்ஸ்கே மிஹல்யானி கிராமப் பள்ளி ரோமா பிள்ளைகளை அப்படித்தான் பிரித்து வைத்திருந்தது. அது சட்டவிரோதம் என்று பிரெஷோவ் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2012இல் தீர்ப்பளித்தது.

இந்தப் பின்னணியில் பார்த்தால் விதினின் துணிச்சல் புரியும். அங்கே நீதிமன்ற உத்தரவு இல்லை, சட்ட நிர்ப்பந்தம் இல்லை. வீடு வீடாகப் போய்ப் பெற்றோரிடம் பேசி, நகரப் பள்ளிகளின் தலைமையாசிரியர்களிடம் பேசி, இரு தரப்பையும் இணங்க வைத்தார்கள். பெற்றோரின் அச்சம் இரண்டு: பிள்ளையை அங்கே அடிப்பார்கள், கேலி செய்வார்கள் என்பது ஒன்று; கிழிந்த செருப்போடு போனால் மானம் போகும் என்பது மற்றொன்று. இரண்டுக்கும் காகிதத்தில் பதில் எழுதாமல் நேரடியாகப் பதில் செய்தார்கள். பேருந்தில் பிள்ளைகளோடு ரோமா பெரியவர்களும் ஏறினார்கள். பள்ளியிலும் கூடவே இருந்தார்கள். சண்டை வந்தால் விலக்கவும், ஆசிரியருக்கும் வீட்டுக்கும் நடுவே பேசவும் ஆள் இருந்தது. ஏழைப் பிள்ளைகளுக்குக் காலணி, உடை, பாடநூல் கிடைத்தன. பின்தங்கியவர்களுக்குக் கூடுதல் வகுப்பு நடந்தது. ரோமா சமூகத்திலிருந்தே எழுந்த அமைப்பு இதைச் செய்தது என்பது சிறிய விஷயமல்ல. ‘இவர்களுக்குப் படிப்பில் அக்கறை இல்லை’ என்ற பேச்சைப் பல்கேரியாவில் அதிகாரிகள் முதல் டாக்ஸி ஓட்டுநர் வரை எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். விடியற்காலையில் பேருந்துக்குக் காத்து நின்ற குடும்பங்கள் அந்தப் பேச்சின் பொய்யை அம்பலப்படுத்தின.

கலந்து படித்தால் பிள்ளைகள் தேறுவார்களா என்ற கேள்விக்கு நல்ல ஆதாரம் ஹங்கேரியிலிருந்து வருகிறது. காபோர் கெர்தெஷி, காபோர் கேஸ்தி என்ற இரு பொருளியலாளர்கள் அந்நாட்டின் 8ஆம் வகுப்பு மாணவர்களை ஆராய்ந்தார்கள். ரோமா, ரோமா அல்லாத மாணவர்களின் மதிப்பெண் இடைவெளி பெரியது. 1980களின் அமெரிக்காவில் கறுப்பின, வெள்ளை மாணவர்களிடையே இருந்த இடைவெளிக்கு ஒப்பானது. ஆனால் பெற்றோரின் கல்வி, வருமானம், வீட்டுச் சூழல், படிக்கும் பள்ளி ஆகியவற்றைக் கணக்கில் எடுத்தவுடன் அந்த இடைவெளி அநேகமாக மறைந்துவிட்டது. இனத்துக்கு என்று தனியே விளக்க வேண்டிய மிச்சம் அதிகம் இல்லை. இதே கேஸ்தி, ஏவா ஷுரானியோடு சேர்ந்து மற்றோர் ஆய்வும் செய்தார். 2003இல் ஹங்கேரிய அரசு தொடங்கிய ஒருங்கிணைப்புத் திட்டத்தில் சேர்ந்த 30 பள்ளிகளையும், எல்லா வகையிலும் அவற்றை ஒத்த, ஆனால் திட்டத்தில் சேராத 30 பள்ளிகளையும் ஒப்பிட்டார்கள். திட்டப் பள்ளிகளில் ரோமா மாணவர்களின் வாசிப்புத் திறனும் தன்னம்பிக்கையும் கூடியிருந்தன. முன்னேற்றம் பிரம்மாண்டமானதில்லை, ஆனால் உறுதியானது. மற்ற மாணவர்களுக்கு எந்த இழப்பும் இல்லை; ரோமா மக்களைப் பற்றிய அவர்களுடைய முன்முடிவுகளும் தணிந்திருந்தன. ‘அவர்கள் வந்தால் எங்கள் பிள்ளையின் படிப்பு கெடும்’ என்று சொல்லும் பெற்றோருக்கு இதைவிட நேரான பதில் கிடைப்பது அரிது. ஒரு நுணுக்கத்தை மட்டும் விட்டுவிடக் கூடாது. அந்தப் பள்ளிகளில் பிள்ளைகளைக் கலந்ததோடு ஆசிரியர்களின் கற்பிக்கும் முறையையும் மாற்றினார்கள். குழுவாகக் கற்பது, ஒவ்வொரு பிள்ளையின் நிலைக்கேற்பப் பாடம் அமைப்பது, பெற்றோரோடு தொடர்பு என்று பயிற்சி நடந்தது, அதற்குக் கூடுதல் பணமும் வந்தது. பெஞ்சை மட்டும் மாற்றிப் போட்டிருந்தால் இதே விளைவு கிடைத்திருக்குமா என்பதற்கு அந்த ஆய்வில் பதில் இல்லை.

விதின் முறையின் குறைபாடு வகுப்பறைக்கு வெளியே, ஊரின் நிர்வாகத்தில் இருக்கிறது. பேருந்து குடியிருப்பிலிருந்து நகரத்துக்குப் போகிறது. மறுதிசையில் எந்தப் பிள்ளையும் பயணம் செய்வதில்லை. குடியிருப்புப் பள்ளியை மூடுமாறு திட்டம் கேட்கவில்லை. விரும்பியவர்களை மட்டும் ஏற்றிச் சென்றது. ஆக, மிகவும் ஏழையான, மிகவும் அஞ்சிய குடும்பங்களின் பிள்ளைகள் அங்கேயே தங்கினார்கள். நகரத்திலும் எல்லாப் பள்ளியும் ஒரே அளவில் கதவு திறக்கவில்லை. இதற்கு ஒரு பொருளாதாரக் காரணம் உண்டு. பல்கேரியாவில் 2008 முதல் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தே பள்ளிக்குப் பணம் போகிறது. விதின் வட்டாரமோ நாட்டிலேயே வேகமாக மக்கள்தொகை குறைந்துவரும் பகுதி. வகுப்பு நிரம்பாத பள்ளிக்கு ரோமா பிள்ளைகள் வருமானம். இருக்கை காலியே ஆகாத, பெயர் பெற்ற பள்ளிக்கு அவர்கள் தேவையில்லை. எனவே வரவேற்ற பள்ளிகளிலேயே அவர்கள் மேலும் மேலும் சேர்ந்தார்கள். அங்கிருந்த பல்கேரியப் பெற்றோர் சிலர் பிள்ளைகளை வேறிடத்துக்கு மாற்ற, இன்னும் சிலர் பின்தொடர்ந்தார்கள். பல்கேரியாவின் பல ஊர்களில் கலப்புப் பள்ளியாகத் தொடங்கியவை மெல்ல மெல்ல இன்னொரு ரோமா பள்ளியாக மாறிய கதை இதுதான். 2016இல் நடைமுறைக்கு வந்த பல்கேரியக் கல்விச் சட்டம், இன அடிப்படையில் தனி வகுப்பு அமைப்பதைத் தடுக்கிறது. வகுப்புக்குள் பிரிப்பதைத்தான் அது தடுக்கிறது. பள்ளிக்கும் பள்ளிக்கும் இடையே நடக்கும் விலகலை அந்தத் தடை தொடவில்லை.

பணத்தின் நிலையாமையும் இதோடு சேர்ந்தது. பேருந்து, உதவியாளர், காலணி எல்லாம் வெளிநாட்டு நன்கொடையில் ஓடின. முதலில் ஓப்பன் சொசைட்டி, 2005க்குப் பின் ரோமா கல்வி நிதியம். நன்கொடையாளர் திட்டம் என்றால் ஆண்டுதோறும் விண்ணப்பம், அறிக்கை, அடுத்த தவணைக்கான காத்திருப்பு. நகராட்சி தன் வரவு செலவில் ஏற்றுக்கொள்ளாத வரை, ஒரு தலைமுறையின் கல்வி யாரோ ஒருவரின் தொடர்ந்த நல்லெண்ணத்தில் தொங்குகிறது. இதைச் சொல்வதால் அந்த அமைப்புகளைக் குறை கூறுவதாகாது. அரசு செய்ய வேண்டியதை அவர்கள் செய்துகாட்டினார்கள். செய்துகாட்டிய பிறகும் அரசு தன் வேலையை அவர்களிடமே விட்டுவைத்தது என்பதுதான் குறை.

ஊர் முழுவதையும் அசைத்த உதாரணம் ஒன்றும் உண்டு. தெற்கு ஹங்கேரியின் ஹோத்மேசோவாஷார்ஹெய் நகராட்சி 2007இல் தன் தொடக்கப் பள்ளிகளை மொத்தமாக மறுசீரமைத்தது. பல பள்ளிகளை மூடி இணைத்தது; சேர்க்கை எல்லைகளைப் புதிதாக வரைந்து, பின்தங்கிய பிள்ளைகள் எல்லாப் பள்ளிகளிலும் ஏறக்குறையச் சம விகிதத்தில் இருக்குமாறு செய்தது. மேயர் யானோஷ் லாசார் வலதுசாரி ஃபிதெஸ் கட்சிக்காரர், பின்னாளில் அமைச்சரானவர். கலப்புப் பள்ளி என்பது இடதுசாரிகளின் கனவு என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்கலாம். மக்கள்தொகை குறைந்துகொண்டிருந்த ஊரில் பள்ளிகளை இணைப்பது செலவையும் மிச்சப்படுத்தியது. சமத்துவமும் சிக்கனமும் அபூர்வமாக ஒரே பக்கம் நின்றன. இந்த முறையின் பலம், ஓடிப்போக இடம் இல்லாமல் செய்ததில் இருக்கிறது. எல்லாப் பள்ளியிலும் அதே விகிதம் என்றால் பள்ளி மாற்றுவதில் யாருக்கும் பயனில்லை. தேவாலயப் பள்ளிகள் இந்த ஏற்பாட்டுக்கு வெளியே நின்றன என்பதே அதன் ஓட்டை. அதே ஆண்டு அருகிலுள்ள செகெட் நகரமும் ரோமா பிள்ளைகள் மட்டுமே படித்த பள்ளியொன்றை மூடி, அவர்களைப் பல பள்ளிகளுக்குப் பகிர்ந்தனுப்பியது. பல்கலைக்கழக மாணவர்கள் வழிகாட்டிகளாகப் பள்ளிகளுக்குப் போய் அவர்களோடு உட்கார்ந்து பாடம் பார்த்தார்கள். ஒரு வகுப்புக்குச் சிலர் என்று பிரிந்து போனதால் எந்தப் பள்ளியும் ‘ரோமா பள்ளி’ என்று பெயர் வாங்கவில்லை.

இங்கே எழும் முக்கியமான எதிர்ப்பு பெற்றோரின் உரிமை பற்றியது. பிள்ளை எங்கே படிக்க வேண்டும் என்பதைப் பெற்றோர்தானே முடிவு செய்ய வேண்டும்? ரோமா பெற்றோரே குடியிருப்புப் பள்ளியை விரும்பினால்? வடகிழக்கு ஹங்கேரியின் நியிரெட்ஹாசாவில் இந்தக் கேள்வி நீதிமன்றம் வரை போனது. அங்கிருந்த ரோமா குடியிருப்புப் பள்ளி 2007இல் மூடப்பட்டு, பிள்ளைகள் பேருந்தில் நகரப் பள்ளிகளுக்குப் போனார்கள். 2011இல் பேருந்து நின்றது. அதே கட்டடத்தில் கிரேக்கக் கத்தோலிக்கத் திருச்சபை பள்ளியை மீண்டும் திறந்தது. வழக்கில் கீழ் நீதிமன்றங்கள் இது ஒதுக்கல் என்றன. அமைச்சர் சோல்தான் பலோக் பள்ளிக்கு ஆதரவாகச் சாட்சி சொன்னார். 2015இல் உச்ச நீதிமன்றம், பெற்றோர் சுதந்திரமாக ஒரு மதப் பள்ளியைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று தீர்ப்பை மாற்றியது. ஒஸ்திராவாவில் சிறப்புப் பள்ளிகளில் சேர்க்கப்பட்ட ரோமா பிள்ளைகள் தொடுத்த வழக்கில், ஸ்ட்ராஸ்பர்க்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பேரமர்வு 2007 நவம்பரில் சொன்னது இதற்கு நேர்மாறானது. அங்கும் பெற்றோர் கையெழுத்திட்டிருந்தார்கள். பாகுபாட்டுக்கு ஆளாகாமலிருக்கும் உரிமையை யாரும் கையெழுத்திட்டு விட்டுக்கொடுக்க முடியாது என்று 13க்கு 4 என்ற பெரும்பான்மையில் நீதிபதிகள் முடிவு செய்தார்கள். நான் இரண்டாவது வாதத்தின் பக்கம். பேருந்தை நிறுத்திவிட்டு, வாசலில் ஒரு பள்ளியைத் திறந்துவைத்து, பிறகு ‘அவர்களே தேர்ந்தெடுத்தார்கள்’ என்று சொல்வதில் தேர்வு எங்கே இருக்கிறது? நகரப் பள்ளியில் அவமானம், குடியிருப்புப் பள்ளியில் பழகிய முகங்கள் என்ற இரண்டே வழி இருக்கும்போது தாய் இரண்டாவதை எடுப்பது இயல்பு. அந்த முடிவைக் காட்டி முதல் வழியின் அவமானத்தை அப்படியே விட்டுவைப்பதுதான் தவறு.

ஆனால் தனிப்பள்ளிக்கு ஆதரவான வாதங்களில் ஒன்றை இப்படித் தட்டிவிட முடியாது. ஹங்கேரியின் பேச் நகரத்தில் 1994இல் தொடங்கிய காந்தி உயர்நிலைப் பள்ளியில் பெரும்பாலானவர்கள் ரோமா மாணவர்கள்; ரோமா மக்கள் பேசும் ரோமானி மொழியும் பெயாஷ் மொழியும் அங்கே பாடங்கள்; பல்கலைக்கழகம் செல்ல மாணவர்களைத் தயாரிப்பது அதன் நோக்கம். வடக்கே ஷாயோகாசா கிராமத்தில் டாக்டர் அம்பேத்கர் பெயரில் ஒரு பள்ளி எழுந்தது. அம்பேத்கரின் எழுத்தைப் படித்து, தலித்துகளின் வரலாற்றில் தங்கள் நிலையைக் கண்டு, பௌத்தத்தைத் தழுவிய யானோஷ் ஓர்ஷோஷும் திபோர் தெர்தாக்கும் 2007இல் அதைத் தொடங்கினார்கள். பொதுப்பள்ளிகள் பாதியில் கைவிட்ட ரோமா இளைஞர்களுக்கு மேல்நிலைத் தேர்வு எழுத அங்கே இரண்டாவது வாய்ப்பு. இவையும் ரோமா மாணவர் நிறைந்த பள்ளிகள்தானே, இவற்றை ஏன் யாரும் வழக்குத் தொடுத்து மூடச் சொல்லவில்லை? வேறுபாடு தலைகளின் எண்ணிக்கையில் இல்லை. குடியிருப்புப் பள்ளி, வேறெங்கும் சேர்க்கப்படாதவர்கள் வந்து சேரும் இடம். பாடம் குறைவு, எதிர்பார்ப்பு அதைவிடக் குறைவு. காந்தி பள்ளி தேசியத் தேர்வின் முழு உயரத்தையும் குறிவைக்கிறது. மாணவர் தூரத்திலிருந்தும் தேடி வருகிறார்கள். இருந்தாலும் இதையே ஆறு வயதுப் பிள்ளைக்கான முறையாக நீட்டிக்க முடியாது. பொதுப்பள்ளி எட்டு ஆண்டுகள் கைவிட்ட பிறகு எழுந்த தேவைக்கான பதில்கள் அவை. அவற்றிலிருந்து கலப்புப் பள்ளிகள் எடுத்துக்கொள்ள வேண்டியதும் உண்டு. விதின் பேருந்து ஏறிய பிள்ளை நகரப் பள்ளியில் தன் மொழியையோ தன் மக்களின் வரலாற்றையோ அநேகமாகக் காணவில்லை. அந்த அளவுக்கு அடையாளம் அழியும் என்ற கவலை நியாயமானது; அதற்கான மருந்து ஒதுக்கல் ஆகாது, பாடத்திட்டம்.

மொழி என்ற காரணமும் தனியே பேச வேண்டியது. குரோவேஷியாவின் மெஜிமூர்யே மாவட்டப் பள்ளிகள், ரோமா பிள்ளைகளுக்குக் குரோவேஷிய மொழி போதாது என்று தனி வகுப்பில் வைத்தன. காரணம் பொய் என்று சொல்ல முடியாது; வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளைக்கு முதல் வகுப்பு கடினம்தான். ஆனால் 2010இல் ஸ்ட்ராஸ்பர்க் நீதிமன்றம் கேட்ட கேள்விகள் எளிமையானவை: அந்தத் தனி வகுப்பில் மொழியைக் கற்பித்தீர்களா? கற்ற பிள்ளையை எப்போது வெளியே அனுப்பினீர்கள்? இரண்டுக்கும் திருப்தியான விடை இல்லை. 9க்கு 8 என்று ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் பள்ளிகள் தோற்றன. சட்ட அறிஞர்களுக்கே இது எவ்வளவு சிக்கலான இடம் என்பதை அந்த எண்ணிக்கை காட்டுகிறது. மொழியைப் பொறுத்தவரை சரியான வேலை ஆறு வயதுக்கு முன்பே நடக்க வேண்டும். பல்கேரியாவில் மழலையர் பள்ளிக் கட்டணத்தை ரத்து செய்து பார்த்த ஒரு பெரிய பரிசோதனை, ஏழைக் குடும்பங்கள் பிள்ளைகளை அனுப்பத் தயங்கியதற்குப் பணமே முக்கியக் காரணம் என்று காட்டியது. வருகைக்கு ஊக்கத்தொகை கொடுத்ததில் கூடுதல் பயன் அதிகமில்லை. 2022இல் அரசு அந்தக் கட்டணத்தை நாடு முழுவதும் எடுத்துவிட்டது. ‘அக்கறையில்லாத பெற்றோர்’ என்ற விளக்கம் இங்கும் பொய்த்தது.

இத்தனை தீர்ப்பு, திட்டம், நன்கொடைக்குப் பிறகும் 2016க்கும் 2021க்கும் இடையே மொத்தக் கணக்கு மோசமானது. ஐரோப்பிய ஒன்றியத்தின் அடிப்படை உரிமைகள் முகமை எடுத்த கணக்கெடுப்பில், உடன் படிப்பவர்கள் எல்லோரும் அல்லது பெரும்பாலோர் ரோமா பிள்ளைகளாக உள்ள பள்ளிகளில் படிக்கும் ரோமா பிள்ளைகள் 2016இல் நூற்றுக்கு 44 பேர். 2021இல் 52 பேர். ஒன்றியம் 2030க்குள் இதை ஐந்தில் ஒருவருக்கும் கீழே கொண்டுவர இலக்கு வைத்திருக்கிறது. கலப்பு முயற்சிகள் தோற்றுவிட்டன என்பதற்கு இந்த எண்ணைச் சாட்சியாகக் காட்டுபவர்கள் உண்டு. அது அவசர முடிவு. முயற்சி நடந்த ஊர்கள் சில. அவற்றைச் சுற்றியுள்ள நூற்றுக்கணக்கான ஊர்களில் பெரும்பான்மையினரின் பிறப்பு விகிதம் குறைகிறது, இளைஞர்கள் மேற்கே வேலைக்குப் போகிறார்கள், மிஞ்சியவர்கள் பிள்ளையைப் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கோ தேவாலயப் பள்ளிக்கோ அனுப்புகிறார்கள். இந்த ஓட்டத்துக்கு எதிராக ஒரு பேருந்து போதாது. நியிரெட்ஹாசாவில் நடந்ததை அகலப்படுத்திப் பார்த்தால் போதும்: 2013இல் ஹங்கேரிய அரசு பொதுப்பள்ளிகளை நகராட்சிகளிடமிருந்து தன் கைக்கு எடுத்துக்கொண்டது, எல்லையை மாற்றி வரையும் அதிகாரம் ஊரிடமிருந்து போனது, சேர்க்கை எல்லைக்குக் கட்டுப்படாத திருச்சபைப் பள்ளிகள் பெருகின. ஹோத்மேசோவாஷார்ஹெய் செய்ததை இன்று வேறொரு மேயர் செய்ய விரும்பினாலும் அவர் கையில் பேனா இல்லை.

இழந்த கல்விக்கு நீதிமன்றம் என்ன கொடுக்க முடியும் என்பதற்கும் ஓர் அளவு தெரிந்துவிட்டது. ஒஸ்திராவாவின் 18 மனுதாரர்களுக்கு ஆளுக்கு 4,000 யூரோ கிடைத்தது. அவர்களில் எவருக்கும் அந்தப் பள்ளி ஆண்டுகள் திரும்பவில்லை. ஹங்கேரியின் ஜோஞ்ஜோஷ்பாதா கிராமத்தில் ரோமா பிள்ளைகளுக்குக் கீழ்த்தளத்திலும் மற்றவர்களுக்கு மாடியிலும் வகுப்புகள் நடந்தன. 2020 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தப் பிள்ளைகளுக்கு மொத்தம் 9.9 கோடி ஃபோரின்ட் இழப்பீடு உறுதி செய்தது. வேலை செய்யாமல் பணம் பெறுகிறார்கள் என்று பிரதமர் விக்டர் ஓர்பான் அதற்குச் சில மாதங்கள் முன்பே குறைபட்டிருந்தார். தீர்ப்பு வந்த இரண்டே மாதத்தில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது: பள்ளியில் பாகுபாட்டுக்கு ஆளானவர்களுக்கு இனிமேல் இழப்பீடு பணமாகக் கிடையாது, கல்வியாகவோ பயிற்சியாகவோதான் கிடைக்கும். அந்தக் கல்வியை எந்தப் பள்ளியில், எந்த மாடியில் கொடுப்பார்கள் என்று திருத்தத்தில் எழுதவில்லை.